பெல்டன் ஊர் சிபாரிசுக் கடிதம்

தண்ணீரை உறைய வைத்தால் ஐஸ் வந்துவிடும் என்றுதான் நானும் ஐம்பது வயது வரை நினைத்துக்கொண்டிருந்தேன். வெளியே மைனஸ் முப்பது. ஒரு வாளித் தண்ணீரை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போய்க் காலுறையைக் கழற்றுவதற்குள் அது கல்லாகிவிடும். அப்புறம் எதற்கு மெஷின், மெஷினுக்கு எதற்கு ஒரு மெக்கானிக் என்று ஊர்க்கூட்டத்தில் நானே எழுந்து கேட்டிருக்கிறேன். கைதட்டல்கூடக் கிடைத்தது.

விளையாடுவதற்கான ஐஸ் வேறு ரகம். எங்கள் ஊர் ஆட்டம் கர்லிங், ஐஸ் தளத்தில் கல்லை வழுக்கிவிடுகிற விளையாட்டு. கல் கிட்டத்தட்ட இருபது கிலோ. அதை வழுக்கிவிட்டால், முன்னால் இரண்டு பேர் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டே ஓட, நாற்பது மீட்டர் தள்ளிப் போய், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குள் நிற்க வேண்டும். மண்டபத்துக்குள் இருநூறு பேர் மூச்சு விடுவார்கள், விளக்குகள் எரியும், அக்டோபர் வெயில் கூரையில் அடிக்கும். அத்தனையையும் மீறி ஐஸ் ஒரு மயிரிழை கூட ஏறி இறங்கக் கூடாது. தலைநகரத்திலிருந்து வருகிறவர்களுக்கு இதெல்லாம் தரை பெருக்குகிற வேலை மாதிரித்தான் தெரியும். நீங்கள் சிரிக்காமல் கேட்பதற்கு நன்றி. எங்களுக்கு அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை வேறு ஒன்றும் கிடையாது. கல்யாணம் பேசுவது, நிலம் பேசுவது, பத்து வருடம் பேசாமல் இருந்தவர்கள் மறுபடி பேசுவது எல்லாம் அந்த மண்டபத்தில்தான்.

பெயர் லோர்ன் பெட்ரிஷின். வயது ஐம்பத்தெட்டு. தொழில் இன்ஷூரன்ஸ். பெல்டன் ஊரின் ‘புதியவர் வரவேற்பு, தங்கவைப்பு மற்றும் பாராட்டுக் குழு’வுக்குப் பதினோரு வருடமாகச் செயலாளர். பெயர் நீளம் என்று எனக்கும் தெரியும். வரவேற்பு மட்டும்தான் முதலில் இருந்தது. ஆட்கள் போகப் போக மற்ற இரண்டும் சேர்ந்தன.

உங்கள் மாகாணக் குடியேற்ற அலுவலகத்தின் திட்டத்தை உங்களுக்கே விளக்குவது அதிகப்பிரசங்கித்தனம். ஆனால் வாக்குமூலம் முழுசாக இருக்க வேண்டும் என்றீர்கள். ஆள் கிடைக்காத சின்ன ஊர்கள், வெளிநாட்டிலிருந்து வந்து வேலை செய்கிற தேர்ந்த தொழிலாளி ஒருவருக்கு, ‘இவர் எங்களுக்கு வேண்டும்’ என்று சிபாரிசுக் கடிதம் கொடுக்கலாம். கடிதத்தைச் செயலாளர் உங்கள் அலுவலகத்துக்கு அனுப்புவார். அதன் பேரில் மாகாணம் அவரை வசிப்புரிமைக்கு முன்மொழியும். அந்த முன்மொழிவை வைத்து அவர் தனக்கும், மனைவிக்கும், பிள்ளைகளுக்கும் நிரந்தர வசிப்புரிமை கேட்டு விண்ணப்பிக்கலாம். கடிதம் இல்லையென்றால் இதில் எதுவுமே இல்லை.

நல்ல திட்டம். ஒரே ஒரு ஓட்டை. வசிப்புரிமை அட்டை கைக்கு வந்துவிட்டால் அந்த ஆள் இந்த நாட்டில் எங்கே வேண்டுமானாலும் போய் இருக்கலாம். அவரைக் கட்டிப்போட சட்டத்தில் இடமில்லை.

ஊர் மன்றத்தில் ஒரு சுவர் இருக்கிறது. நீங்கள் வரும்போது பார்த்திருப்பீர்கள். நாங்கள் சிபாரிசு செய்தவர்களின் படங்கள், கண்ணாடிச் சட்டம் போட்டு. முதல் படம் நைஜீரியாவிலிருந்து வந்த மருந்துக்கடைக்காரர். அட்டை வந்த மாதமே கால்கரி நகரத்துக்குப் போய்விட்டார். அடுத்து கொரியாவிலிருந்து வந்த பேக்கரித் தம்பதி. அவர்களுக்கு நாங்கள் பாராட்டு விழா நடத்தினோம், கேக்கையும் அவர்களையே செய்யச் சொன்னோம். விழா முடிந்த ஒன்பதாவது நாள் டொராண்டோ. மிச்சக் கேக் இன்னும் ஊர் மன்றத்து ஃப்ரீசரில் இருக்கிறது, வெட்டி எறிய யாருக்கும் மனசு வரவில்லை. பிறகு பிரேசில் வெல்டர். அவருக்கு தேவாலயத்துப் பெண்கள் நான்கு மாதம் உட்கார்ந்து ஒட்டுப்போர்வை தைத்துக் கொடுத்தார்கள். அவர் கண்கலங்கி வாங்கிக்கொண்டு, அதிலேயே டிவியைச் சுற்றிக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். ஆறு பேர். ஆறு பேருமே போய்விட்டார்கள். மேயர் ஹியூ டோலண்ட் ஒவ்வொரு விழாவிலும், “பெல்டன்ங்கிறது ஊர் இல்லைங்க, குடும்பம்” என்று முடிப்பார். குடும்பத்தை விட்டு ஆட்கள் இந்த வேகத்தில் ஓடுவதை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

எல்யுடேரியோ மக்காராயெக் ஏழாவது.

ஊரில் யாருக்கும் அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. தெரியோ என்று அவரே சுருக்கிக் கொடுத்தார். பிலிப்பைன்ஸில் கடற்கரை ஊர், அலமினோஸ். அங்கே மீன் வைக்கிற ஐஸ் ஆலையில் இருபது வருடம் மெக்கானிக்காக இருந்தவர். முப்பத்தைந்து டிகிரி வெயிலில் ஐஸ் செய்யக் கற்றுக்கொண்ட மனிதரை மைனஸ் முப்பதில் ஐஸ் செய்யக் கூட்டிவந்தோம். ஆறு வருடத்துக்கு முன்னால், ஓர் அக்டோபரில் வந்தார். கையில் தற்காலிக வேலை அனுமதி, பெட்டியில் இரண்டு ஸ்வெட்டர், பர்ஸில் மனைவி எர்லிண்டா, மகள் ஜொவிலின் படம். ஜொவிலினுக்கு அப்போது பதினாறு.

அவர் செய்த ஐஸைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் உங்கள் டேப் போதாது. எங்கள் மெஷின் அமோனியாவில் ஓடுவது, நாற்பது வருடப் பழசு. அவர் அதன் பக்கத்தில் காதை வைத்துக் கேட்பார். எங்கே வலிக்கிறது என்று அதனிடம் விசாரிக்கிற மாதிரி இருக்கும். மெஷின் அறையின் சூட்டில் கருவாடு காயப்போடுவார். முதல் வாரம் ஊரே மூக்கைப் பிடித்தது, ஹியூ அமோனியா கசிகிறது என்று தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டார். மூன்றாவது மாதம், கருவாட்டு வாசனை வந்தால் இன்றைக்கு ஐஸ் நன்றாக இருக்கும் என்று அதே ஹியூ சொன்னார். அந்த வருடம் மூன்று பெரிய பந்தயங்கள் எங்கள் ஊருக்கு வந்தன.

இன்னொரு விஷயம், என் தொழில் சம்பந்தப்பட்டது. அமோனியா மெஷின் ஓடும்போது சான்று பெற்ற மெக்கானிக் ஒருவர் கட்டடத்துக்குள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இன்ஷூரன்ஸ் செல்லாது, மண்டபத்தை மூட வேண்டும். பாலிசியை எழுதியவன் நான். ஆகவே, தெரியோ இல்லையென்றால் மண்டபம் இல்லை, மண்டபம் இல்லையென்றால் பெல்டன் இல்லை என்பது ஊரில் எல்லோருக்கும் முன்னால் எனக்குத் தெரிந்தது. முன்கூட்டியே தெரிந்தவனுக்குப் பொறுப்பு கூடுதல்.

குழுவில் ஒரு விதி இருந்தது: ஊரில் இரண்டு குளிர்காலம் தங்கியவருக்குத்தான் கடிதம். அதை மூன்று என்று மாற்றத் தீர்மானம் கொண்டுவந்தேன். ‘வேர் பிடிக்க அவகாசம்’ என்று தலைப்புக் கொடுத்தேன். ஹியூவுக்குத் தலைப்புப் பிடித்துவிட்டது, ஏகமனதாக நிறைவேறியது.

இரண்டாவது குளிர்காலம், பிப்ரவரியில், எர்லிண்டா இறந்துபோனார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. தெரியோ என் அலுவலகத்துக்கு வந்து தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“லோர்ன் சார், ரெண்டு வாரம் போயிட்டு வரலாமா? அடக்கம் முடிஞ்சதும் வந்துடுவேன். பொண்ணு தனியா இருக்கா.”

ஊரில் இடைவிடாமல் தங்கியிருக்க வேண்டும், இடையில் போனால் குளிர்காலக் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும் என்று சொன்னேன். அப்படி ஒரு விதி இல்லை. ஆனால் இருந்திருக்கலாம், நாங்கள் எழுதாமல் விட்டதுதான். போனால் கடிதம் ஒரு வருடம் தள்ளிப்போகும், அந்த ஒரு வருடமும் ஜொவிலின் தனியாக இருப்பாள், யோசித்து முடிவு செய்யுங்கள் என்றேன். முடிவை அவரிடமே விட்டேன். நான் யாரையும் வற்புறுத்துகிறவன் இல்லை.

அவர் அடக்கத்தை மெஷின் அறையில் உட்கார்ந்து செல்போனில் பார்த்தார். மண்டபத்தில் பெண்கள் பிரிவு அரையிறுதி நடந்துகொண்டிருந்தது. நான் முட்டைக்கோஸ் கொழுக்கட்டையும் காப்பியும் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். பிரேதப் பெட்டியை இறக்கும்போது படம் நின்று நின்று வந்தது. “கம்ப்ரஸர் சத்தத்துல பாட்டு சரியா கேக்கல சார்” என்றார். அணைக்கட்டுமா என்று கேட்டேன். “வேணாம் சார், ஐஸ் இளகிடும்.” இப்படிப்பட்ட ஆளை எந்த ஊர்தான் விட்டுக்கொடுக்கும்?

மூன்றாவது குளிர்காலம் முடிந்தது. ஜொவிலினுக்குப் பத்தொன்பது. அதற்கப்புறம் காகிதங்கள். போலீஸ் சான்றிதழ் ஆறு மாதம்தான் செல்லும். வந்ததும் வேலைச் சான்றிதழ் இல்லை என்று எழுதினேன். அது வருவதற்குள் போலீஸ் சான்றிதழ் காலாவதி. புதுசு வாங்கி வந்ததும் பிறப்புச் சான்றிதழில் பெயர் எழுத்து ஒன்று வேறாக இருந்தது. இதில் எதுவும் நான் உண்டாக்கியதில்லை. இருப்பதைக் கவனித்தேன், அவ்வளவுதான். கூர்ந்து கவனித்தால் எந்த மனிதரின் காகிதத்திலும் ஒரு வருடம் நான்கு மாதத்துக்கு வேலை இருக்கும். உங்களுடையதிலும்.

இங்கே ஒரு சட்டத்தை நீங்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும், ஏனென்றால் இதை எழுதியவர்கள் நாங்கள் இல்லை, உங்கள் ஆட்கள். விண்ணப்பம் போய்ச் சேருகிற நாளில் பிள்ளைக்கு இருபத்திரண்டு வயது நிறைந்திருந்தால் அது பிள்ளைக் கணக்கில் சேராது. முந்தின நாள் வரை மகள். மறுநாள் தனி ஆள். தனி ஆளை அப்பா கூட்டிவர முடியாது. ஜொவிலினின் பிறந்தநாள் மார்ச் ஒன்பது. அது எனக்கு மனப்பாடம். தெரியோவின் கோப்பில் நானே பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருந்தேன்.

அந்த வட்டம் எதற்கு என்று கேட்டீர்கள். முதலில் ஞாபகத்துக்குத்தான் போட்டேன்.

அவள் இருபதைத் தாண்டிய ஆகஸ்டில் குழு கூடியது. தப்பிக்க வழியில்லை, காகிதங்கள் எல்லாம் சரியாக இருந்தன. எங்கள் குழுவில் ஒரு வழக்கம். ஐந்து பேரும் நேரில் உட்கார்ந்து, மைப் பேனாவால், ஒரே கூட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும். தேதி இடத்தை மட்டும் காலியாக விடுவார்கள், அனுப்புகிற அன்றைக்குச் செயலாளர் நிரப்பிக்கொள்வார். ஹியூ கையெழுத்துக்கு முன்னால் பேச எழுந்தார். இந்தத் தேசத்தைக் கட்டியது குடியேறியவர்களின் வியர்வை என்று தொடங்கி, தன் முப்பாட்டனார் மாட்டுவண்டியில் வந்த கதைக்கு நகர்ந்துகொண்டிருந்தார்.

ஆக்னஸ் ஃப்ரோஸ் குறுக்கே பேசினார். எண்பத்தோரு வயது, பழைய பள்ளிக்கூட நூலகர், ஊரில் பாதிப் பேரை வாயைப் பொத்தச் சொல்லியே வளர்த்தவர்.

“ஏம்ப்பா ஹியூ, உன் முப்பாட்டன் ஊர் வந்து சேர்றதுக்குள்ள தெரியோ பொண்ணுக்குப் பேத்தி பொறந்துடும். உக்காரு. பேனாவ இப்படிக் குடு.”

“ஆக்னஸ், ரெண்டு வார்த்தை பேசினா குறைஞ்சா போயிடும்?”

“நீ ரெண்டு வார்த்தை பேசி நான் கேட்டதே இல்லையே.”

போட்டார். பெரிய, சாய்ந்த கையெழுத்து. கடிதத்தை என் பக்கம் தள்ளும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“லோர்ன், இத நாளைக்கே அனுப்பிடணும். உன் மேசைக்குப் போன பேப்பர் திரும்பி வந்து நான் பாத்ததில்ல. அந்தப் பொண்ணுக்கு வயசு ஏறிக்கிட்டே போகுது. அம்மாவும் இல்ல. புரியுதா?”

“புரியுதும்மா.”

எனக்குப் புரிந்தது. என் மேசையில் இடது பக்கம் கீழ் டிராயர். அங்கே வைத்தேன்.

எத்தனை நாள் என்று கேட்டீர்கள். பத்தொன்பது மாதம்.

ஒரேயடியாகப் பத்தொன்பது மாதம் என்று நான் தீர்மானிக்கவில்லை. முதலில் அந்த சீசன் முடியட்டும் என்று வைத்தேன். அப்புறம் மெஷினுக்குப் புதுக் குழாய் மாற்ற வேண்டியிருந்தது. அதற்கப்புறம் எழுபத்தைந்தாவது வருடப் பந்தயம் எங்கள் ஊருக்கு ஒதுக்கப்பட்டது. ஒவ்வொரு தடவையும் ஒரு நியாயமான காரணம் இருந்தது. நியாயமான காரணம் ஒன்றாவது இல்லாத நாள் வந்திருந்தால் அன்றைக்கே அனுப்பியிருப்பேன்.

செவ்வாய்க்கிழமை தோறும் தெரியோ வந்து கேட்பார். அனுப்பியாயிற்று, மாகாண அலுவலகத்தில் தாமதம் என்பேன். மன்னிக்க வேண்டும், ஆனால் இந்த மாகாணத்தில் அந்த ஒரு வாக்கியத்துக்கு யாரும் சாட்சி கேட்பதில்லை. ஆக்னஸே மூன்று தடவை விசாரித்துவிட்டு மூன்று தடவையும் நம்பினார். நானே போன் செய்து கேட்கட்டுமா என்று தெரியோ ஒருமுறை கேட்டார். அதிகாரிகளைத் தொந்தரவு செய்தால் கோப்பு அடியில் போய்விடும் என்றேன். உங்கள் அலுவலகத்தை வைத்து நீங்களே சொல்லுங்கள், அது அவ்வளவு பெரிய பொய்யா?

கடைசி இலையுதிர்காலத்தில் இன்னொரு சிக்கல். எழுபது கிலோமீட்டர் தள்ளி மிட்ஃபீல்ட் என்று ஓர் ஊர். அவர்கள் மண்டபத்துக்கும் மெக்கானிக் இல்லை. தங்கள் ஊருக்கு வந்தால் ஒரே மாதத்தில் கடிதம் தருகிறோம் என்று தெரியோவிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர் ஒளிக்காமல் என்னிடம் வந்து சொன்னார்.

“போக மனசில்ல சார். ஆனா ஜொவிலினுக்கு இன்னும் அஞ்சு மாசந்தான் இருக்கு. நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது.”

தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை என்று கையைப் பிடித்துச் சொன்னேன். மறுநாள் மிட்ஃபீல்டின் தலைவர் விசாரிக்க எனக்கு போன் செய்தார். அருமையான மனிதர், நாணயமான தொழிலாளி என்றேன். அந்த அமோனியாக் கசிவைப் பற்றி மட்டும் நான் ஒன்றும் சொல்ல விரும்பவில்லை என்றேன். கசிவு எதுவும் நடந்ததில்லை. சொல்வதற்கு ஒன்றும் இல்லாததால்தான் சொல்ல விரும்பவில்லை. மிட்ஃபீல்டிலிருந்து பிறகு அவருக்கு அழைப்பு வரவில்லை. “ஏன்னு தெரியல சார், அவங்களே வேணாம்னுட்டாங்க” என்றார். மிட்ஃபீல்ட்காரர்கள் எப்போதுமே அப்படித்தான் என்று ஆறுதல் சொன்னேன்.

அந்த அக்டோபரில் ஆக்னஸ் இறந்துபோனார். ஊரே வந்தது. சாவுச் சாப்பாட்டுக்கு தேவாலயத்து ஃபிரிட்ஜ் ஓடாமல் போக, தெரியோதான் கருப்பு கோட்டோடு தரையில் படுத்துச் சரி செய்தார்.

இனி மார்ச்.

ஜொவிலின் அங்கே சும்மா காத்திருக்கவில்லை. குவைத்தில் வீட்டு வேலைக்கு ஒரு ஏஜென்சியில் ஒப்பந்தம் தயாராக வைத்திருந்தாள், இரண்டு வருடத்துக்கு. மார்ச் ஒன்பது வரைக்கும் பொறுத்திரு, கையெழுத்துப் போடாதே என்று அப்பா சொல்லியிருந்தார். அதையும் என்னிடம் சொல்லியிருந்தார். அவர் எல்லாவற்றையும் என்னிடம் சொல்லுவார். மார்ச் ஒன்பது வியாழக்கிழமை வந்தது, போனது. அங்கே அவள் கையெழுத்துப் போட்டுவிட்டாள். பதினான்காம் தேதி விமானம்.

மார்ச் பத்து, வெள்ளிக்கிழமை காலை, டிராயரைத் திறந்து கடிதத்தை எடுத்தேன். அன்றைய தேதியை எழுதினேன். மூலத்தை உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு, நகலை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்கு நடந்தேன்.

ஏன் அன்றைக்கு என்று நீங்கள் மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். நான் ஒன்றும் கொடுமைக்காரன் இல்லை. அந்த மனிதருக்கு வசிப்புரிமை கிடைக்க வேண்டும் என்று நான் மனதார விரும்பினேன். மனைவி இல்லை. மகளை இனிக் கூட்டிவர முடியாது. தனி ஆள் டொராண்டோவில் போய் என்ன செய்வான்? தனி ஆள், தன்னை நேசிக்கிறவர்கள் இருக்கிற இடத்தில்தான் இருப்பான். அவரை நேசிக்கிறவர்கள் பெல்டனில் இருந்தார்கள். முந்தின ஆறு பேர் விஷயத்தில் நாங்கள் செய்த தவறு இதுதான். அவர்களுக்குப் போக ஒரு குடும்பத்தை மிச்சம் வைத்துவிட்டோம்.

தெரியோ ஐஸ் தளத்தின் ஓரத்தில் முழங்காலிட்டு எதையோ அளந்துகொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை எழுபத்தைந்தாவது வருட இறுதி ஆட்டம். முகம் தூங்காத முகம். முன்பு அனுப்பிய கடிதத்தை அலுவலகத்தில் தொலைத்துவிட்டார்களாம், அதனால் குழு புதிதாக ஒன்று கொடுத்திருக்கிறது என்று சொல்லி நகலை நீட்டினேன். வாழ்த்துகள் என்றேன்.

அவர் கையுறையைக் கழற்றிவிட்டு வாங்கினார். மெதுவாகப் படித்தார். முதலில் தேதியைப் பார்த்தார். அதில் கண் சிறிது நேரம் நின்றது. ஒரே ஒரு நாளில் தவறிப்போய்விட்டதே என்று நினைத்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். பிறகு கீழே கையெழுத்துகளுக்கு வந்தார்.

“லோர்ன் சார், இது புதுசா குடுத்ததுன்னு சொன்னீங்க.”

“ஆமா தெரியோ. இந்த வாரம்தான்.”

“ஆக்னஸ் அம்மா எப்போ சார் வந்து கையெழுத்து போட்டாங்க?”

நான் போலிக் கையெழுத்துப் போடுகிற ஆள் இல்லை. அதை நீங்கள் தெளிவாக எழுதிக்கொள்ள வேண்டும். புதிய கடிதம் ஒன்று தயார் செய்து, நான்கு பேரிடம் கையெழுத்து வாங்கியிருந்தால் இந்த விசாரணையே இருந்திருக்காது. ஆனால் ஐந்து கையெழுத்து என்பது விதி, டிராயரில் இருந்ததில் ஐந்தும் அசலாக இருந்தன. நேர்மையாக நடந்துகொண்டதால் மாட்டிக்கொண்டேன்.

 அவர் காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

“சாயங்காலம் நாலு மணி பஸ்ல போறேன் சார். பதினாலாம் தேதி அவ கிளம்பறா. ஏர்போர்ட்லயாவது ஒரு தடவை பாத்துடறேன். ஆறு வருஷமாச்சு.”

எங்கள் ஊருக்கு பஸ் வெள்ளியும் திங்களும் மட்டும்தான். நான் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன். “ஃபைனல்?”

அவர் மண்டபத்தைத் திரும்பிப் பார்த்தார். நான்கு ஐஸ் தளங்களிலும் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. சிற்றுண்டிச் சாளரத்தில் கூட்டம். சின்னப் பிள்ளைகள் படிகளில் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஹியூ மைக்கைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உள்ள இத்தன பேர் இருக்காங்க” என்றார், என்னிடம் இல்லை. “மெஷின அப்படியே விட்டுட்டுப் போக முடியாது.” என்னைப் பார்த்தார். “நிறுத்தச் சொல்லுங்க சார். ஆட்டத்த நிறுத்தச் சொன்னா நான் மெஷின அணைச்சுட்டு கெளம்பிடுவேன்.”

நான் சொல்லியிருக்கலாம். இரண்டு நிமிட வேலை, மைக் ஹியூவின் கையிலேயே இருந்தது. ஆனால் இருபத்தெட்டு அணிகள் வந்திருந்தன, சில அணிகள் எட்டு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு. விருந்துக்கு ஆயிரத்து இருநூறு பெரோகிக் கொழுக்கட்டை பிடித்து வைத்திருந்தார்கள். ஒரு தனிமனிதரின் சொந்த விஷயத்துக்காக அத்தனை பேரையும் திருப்பி அனுப்புவது நியாயமாகப் படவில்லை. ஞாயிறு முடிந்ததும் பேசிக்கொள்வோம் என்று தோளைத் தட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஐஸைப் பற்றி வெளியூர்க்காரர்கள் இன்னும் பேசுகிறார்கள். கண்ணாடி. இறுதி ஆட்டம் முடிந்ததும் ஹியூ பரிசளிப்பில் நாற்பது நிமிடம் பேசி, தெரியோவை மேடைக்கு அழைத்தார். அவர் வரவில்லை. மெஷினை முறைப்படி அணைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வால்விலும் அட்டை கட்டி, எதை முதலில் மூட வேண்டும், எதைத் தொடக் கூடாது என்று எழுதியிருந்தார். அடுத்து வருகிறவருக்கு. திங்கட்கிழமை பஸ்ஸில் போய்விட்டார்.

உங்களுக்கு அவர் அனுப்பியது இரண்டு காகிதம் என்றீர்கள். கடிதத்தின் நகல் ஒன்று, ஆக்னஸ் இறந்த தேதி அச்சிட்ட இறுதிச் சடங்கு அட்டை ஒன்று. கூட ஒரு வரிகூட எழுதவில்லை என்றும் சொன்னீர்கள். அது அவர் குணம். யாரையும் குறை சொல்ல மாட்டார்.

சற்று முன்னால் இன்னொன்றும் சொன்னீர்கள். ஜொவிலின் பதினான்காம் தேதி விமானம் ஏறிவிட்டாள், அவர் பதினைந்தாம் தேதி மணிலாவில் இறங்கினார் என்று. சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தீர்கள். ஒரு நாள் வித்தியாசம். வருத்தம்தான். பஸ் வாரத்துக்கு இரண்டு தடவை மட்டும் விடுவது மாகாணத்தின் முடிவு, அதைப் பற்றி எங்கள் குழு இரண்டு முறை மனு கொடுத்திருக்கிறது. நகல் இருக்கிறது, தருகிறேன்.

சரி, நீங்கள் கேட்ட வாக்கியத்தையே சொல்லிவிடுகிறேன், எழுதிக்கொள்ளுங்கள். கடிதத்தை நான்தான் வைத்திருந்தேன். மறந்து வைக்கவில்லை. மகளுக்கு இருபத்திரண்டு வயது ஆக வேண்டும் என்று தெரிந்தே, அந்த நாளுக்காகவே காத்திருந்தேன். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? தேதியை நானே நிரப்பட்டுமா, அல்லது நீங்களா?

மண்டபம் மூடிக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு வந்திருப்பீர்கள். சாவி என்னிடம்தான் இருக்கிறது. அக்டோபருக்குள் மெக்கானிக் வேண்டும் என்று எங்கள் குழு உங்கள் அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறது. நீங்கள் திரும்பிப் போனதும் அதைக் கொஞ்சம் மேலே எடுத்து வைத்தால் உதவியாக இருக்கும். ஆள் எந்த நாடாக இருந்தாலும் பரவாயில்லை. பிள்ளைகள் மட்டும் சின்ன வயதில், இருபத்திரண்டுக்கு வெகு தூரத்தில் இருக்கிறவராகப் பாருங்கள். தெரியோ எங்களோடு ஒன்றிப்போக ஆறு வருடம் போதவில்லை.